இடுப்புக் கிண்ணமும் எஃகுத் தகடும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை அடையும் சாலையும் ஊடறுத்துச் செல்லும் பிரதேசம், ஒரு தலைமுறைக்கு முன்வரை ஏரிகளையும் வயல்களையும் நம்பி வாழ்ந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதற்கார் வெளிவந்தது தொடங்கி, 2010-இல் ரெனோ–நிஸ்ஸான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என ஒரகடத்தைச் சுற்றி ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த பிறகு, வாகனங்களை உண்டாக்கும் நிலமாகவும் வாகனங்களால் மனிதர் அடிபடும் நிலமாகவும் அது ஒருங்கே மாறிவிட்டது. ஷிஃப்ட் மாறும் வேளையில் கம்பெனி பஸ்களும், துறைமுகம் நோக்கி விரையும் கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களைச் சுமந்த நீண்ட டிரெய்லர்களும், வாடகை அறைகளிலிருந்து வேலைக்குப் புறப்பட்ட இளைஞர்களின் இருசக்கர வண்டிகளும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது நேரும் விபத்துகளில், உயிரைப் பறிக்காமல் விட்டாலும் வாழ்க்கையின் போக்கை மாற்றிவிடவல்ல காயம் ஒன்று உண்டு. அது இடுப்பு மூட்டின் கிண்ணம் உடைதல். உடைந்த கிண்ணத்தைத் திறந்து, துண்டுகளை ஒன்றுசேர்த்து, எஃகுத் தகட்டாலும் திருகாணிகளாலும் பிணைக்கும் அறுவைச் சிகிச்சையே இன்று அதற்குரிய பிரதான பரிகாரமாகக் கொள்ளப்படுகிறது. அச்சிகிச்சையின் பலன் யாது, குறை எங்கே தங்கியிருக்கிறது, அக்குறை தகட்டினுடையதா அன்றித் தகட்டைச் சூழ்ந்த ஏற்பாடுகளினுடையதா என்பவற்றைச் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடுப்பு மூட்டின் அமைப்பை அறிய ஆட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் போதும். கல்லின் குழியில் குழவி சுழல்வதுபோல இடுப்பெலும்பின் கிண்ணத்துள் தொடையெலும்பின் தலை சுழல்கிறது. ஆனால், குழவிக்கும் குழிக்கும் இடையே சிறிது பேதம் இருந்தாலும் மாவு அரைந்துவிடும். மூட்டிலோ, இரு பரப்புகளையும் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு இரண்டு மில்லிமீட்டர் மேடுபள்ளத்தையும் நெடுநாள் பொறுப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் செல்பவரின் முழங்கால் எதிர்வரும் வாகனத்தில் மோதும்போதும், வேனின் முன்னிருக்கையில் இருப்பவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும்போதும், அந்த விசை தொடையெலும்பின் வழியே ஏறி, அதன் தலையைக் கிண்ணத்தின் பின்சுவரில் மோதச் செய்து, சுவரையும் உடைத்து மூட்டையும் இடம்பெயர்க்கிறது. பக்கவாட்டில் விழுந்து இடுப்பின் புறப்பகுதி தரையில் அடிபட்டாலோ, அதே தலை உள்நோக்கித் தள்ளப்பட்டுக் கிண்ணத்தின் அடித்தளத்தையே பிளந்துவிடுகிறது. இவ்வளவும் நிகழும் இடம் உடலின் ஆழத்தில் இருக்கிறது. முன்புறம் தொடைக்குச் செல்லும் பெரிய ரத்தக் குழாய்களும், பின்புறம் காலின் பெரும்பகுதியை ஆளும் சயாட்டிக் நரம்பும், சுற்றிலும் பருத்த தசைகளும் காவலிருக்க, அவற்றை ஊறு செய்யாமல் உள்ளே சென்று மீள்வதே ஒரு வித்தை.

ஆதலின் அறுவை வைத்தியர்கள் இம்மூட்டை நெடுங்காலம் அணுக அஞ்சினர் என்பதில் வியப்பில்லை. காலில் எடையைக் கட்டி இழுத்து, நோயாளியை வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்தி வைத்து, எலும்பு எப்படிச் சேருகிறதோ அப்படிச் சேரட்டும் என்று விடுவதே முறையாக இருந்தது. அம்முறையை முற்றிலும் மூடத்தனம் என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. 1961-இல் பாஸ்டன் நகரத்து ரோ, லோவெல் என்னும் இரு வைத்தியர்கள் தொண்ணூற்றுச் சொச்சம் முறிவுகளின் கதியை ஆராய்ந்து, கிண்ணத்தின் மேற்கூரை சிதையாமல் இருந்து, தொடையெலும்பின் தலை அதன்கீழ் ஒழுங்காக அமர்ந்திருந்தால் அறுவையின்றியும் நற்பலன் உண்டாகும் என்று காட்டினர். கூரை சிதைந்தவர்களுக்கும் மூட்டு பொருந்தாமற் போனவர்களுக்கும் அந்த நற்பலன் கிட்டவில்லை என்பதே அவர்கள் ஆராய்ச்சியின் மறுபக்கம்.

அந்த மறுபக்கத்துக்கு விடை தேடியவர்கள் பாரிஸ் நகரத்து ழூதே சகோதரர்களும் எமில் லெத்தூர்னெலும் ஆவர். 1964-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது. கிண்ணத்தைத் தனியோர் உறுப்பாகக் கருதாமல், முன்தூண், பின்தூண் என்னும் இரு எலும்புத் தூண்கள் தாங்கி நிற்கும் கட்டடமாகக் கருதியதும், முறிவுகளை எளியன ஐந்து, கூட்டானவை ஐந்து எனப் பத்தாக வகுத்ததும், சாய்வாக எடுத்த எக்ஸ்-ரே படங்களைக் கொண்டு அவ்வகைகளை நிர்ணயிக்கக் கற்பித்ததும், வகைக்கேற்ப முன்வழியோ பின்வழியோ அறுத்துச் செல்ல வேண்டும் என்று விதித்ததும் அவர்கள் செய்த பேருபகாரங்கள். சிடி ஸ்கேன் என்பதே இல்லாத காலத்தில், நிழற்படத்தின் சில கோடுகளை மட்டும் பிடித்துக்கொண்டு முப்பரிமாண உருவத்தை மனத்தில் எழுப்பிய அந்தப் பயிற்சியே இன்றும் இத்துறைக்கு அஸ்திவாரம். தகடு அந்த ஞானத்துக்குத் துணை நிற்கும் கருவி. ஞானமின்றித் தகடு மட்டும் பரவிய இடங்களில் பலன் பரவவில்லை.

இனிப் பலன்களைக் காண்போம். லெத்தூர்னெலிடம் பயின்ற அமெரிக்க வைத்தியர் ஜோயல் மேட்டா, மூன்று வாரங்களுக்குள் தாம் அறுவை செய்த 262 முறிவுகளின் முடிவுகளை 1996-இல் வெளியிட்டார். அவற்றுள் 71 விழுக்காட்டில் எலும்பு பிறவியில் இருந்தபடியே சேர்க்கப்பட்டது. நோயாளிகளின் நிலையைப் பார்த்தபோது 40 விழுக்காட்டினர் மிக நன்று என்றும், 36 விழுக்காட்டினர் நன்று என்றும் மதிப்பிடப்பட்டனர். 2005-இல் வெளியான கியானூடிஸ் குழுவினரின் தொகுப்பாய்வு, பல நாடுகளில் அறுவை செய்யப்பட்ட 3,670 முறிவுகளை ஒருங்கு திரட்டிப் பார்த்தும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது. 2012-இல் டானஸ்ட், நஜீபி, மேட்டா ஆகியோர் 816 முறிவுகளை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 79 மூட்டுகள் மாற்று மூட்டை வேண்டாமல் நிலைத்திருக்கும் என்று கணக்கிட்டனர். இருபத்தைந்து வயதில் அடிபட்ட ஒருவர் நாற்பத்தைந்தாம் வயதிலும் தம் சொந்த மூட்டின்மேல் நிற்கிறார் என்பது அற்பமான சாதனையன்று. கட்டிலில் வாரக்கணக்கில் கிடப்பதால் வரும் படுக்கைப் புண், நுரையீரல் சளி, கால் ரத்தக்குழாயில் உறையும் ரத்தக்கட்டி ஆகியவற்றிலிருந்து அவரை விடுவித்து, சில நாட்களிலேயே ஊன்றுகோலின் துணையால் எழுந்து நடமாட வைப்பதும் தகட்டின் குணங்களுள் ஒன்று.

ஆயினும் இப்புள்ளிவிவரங்களைச் சற்று உற்றுப் பார்த்தால், அவை தகட்டைப் பற்றிப் பேசுவதைவிடத் தகட்டை வைத்த கையைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன என்பது விளங்கும். மேற்கூறிய தொகுப்பாய்வில், துண்டுகளுக்கிடையே எஞ்சிய விலகல் இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றபோது மூட்டுத் தேய்வு வந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர். அதற்கு மேற்பட்டபோது ஏறத்தாழ 44 பேர். பெரும்பாலான இடங்களில் பயன்படும் 3.5 மில்லிமீட்டர் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் தகடு, இடுப்பெலும்பின் வளைவுக்கேற்ப வளைத்துக்கொள்ளத் தக்க எளிய பொருள். அது எலும்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுசெல்வதில்லை, கொண்டுசென்ற இடத்தில் நிறுத்தி வைக்கிறது. சரியாகச் சேர்த்ததைச் சரியாகவும், கோணலாகச் சேர்த்ததைக் கோணலாகவும் ஒரே விசுவாசத்தோடு காப்பதே அதன் இயல்பு.

இதே உண்மைக்கு எதிர்ப்புறத்திலிருந்து ஒரு சாட்சியும் உண்டு. கிண்ணத்தை விட்டுச் சற்றே கீழிறங்கி, தொடையெலும்பின் மேல்முனையில் ஏற்படும் முறிவுகளைப் பார்த்தால், அங்கே தகட்டின் மதிப்பு குறைந்துகொண்டே வந்திருப்பதைக் காணலாம். முறிவின் கோடு வழக்கத்துக்கு மாறாக எதிர்ச்சாய்வில் ஓடும் வகையில், சறுக்குத் திருகாணியோடு கூடிய பக்கத் தகடு வைக்கப்பட்ட 16 பேரில் 9 பேருக்கு அது தோற்றுப்போனதாக 2001-இல் ஹைடுகேவிச் முதலானோர் எழுதினர். எலும்பின் புறத்தே ஒட்டி நிற்கும் தகட்டைவிட, எலும்பின் உட்குழலில் செல்லும் கம்பி உடற்பாரத்தை நன்கு தாங்கும் என்பது அப்பகுதிக்குரிய பௌதிகம். ஆகவே ‘இடுப்பில் பிளேட் வைத்தார்கள்’ என்று குடும்பத்தார் பொதுவாகச் சொல்லும் செய்தியிலிருந்து நன்மையையோ தீமையையோ ஊகிக்க முடியாது. எந்த எலும்பு, எந்த வகை முறிவு, எத்தனை நாளில், எவர் கையால் என்னும் நான்கும் தெரிந்தாலன்றி அச்செய்தி முழுமை பெறுவதில்லை.

கிண்ணத்தின் விஷயத்திலும் எல்லா வகைகளும் ஒரே கதியை அடைவதில்லை. நிழற்படத்தில் மிக எளிதாகத் தோன்றும் பின்சுவர் முறிவே பலனில் பல வைத்தியர்களை ஏமாற்றியிருக்கிறது. சுவர் பல சில்லுகளாகச் சிதறுவதும், அதன் ஓரம் உள்ளமுங்கிப் போவதும், தொடையெலும்பின் தலை அடிபட்ட கணத்திலேயே தன் குருத்தெலும்பை இழந்துவிடுவதும் இதற்குக் காரணங்கள். அறுவைக்குப் பின் எடுத்த சாதாரண எக்ஸ்-ரேயில் குறையின்றித் தெரிந்த மூட்டுகள் சிடி ஸ்கேனில் பார்த்தபோது இடைவெளிகளோடு காணப்பட்டன என்பதையும் ஆய்வாளர் பதிவு செய்திருக்கின்றனர். வெறும் எக்ஸ்-ரேயை வைத்துக்கொண்டு ‘நன்கு பொருந்தியது’ என்று எழுதும் வழக்கம் அறிந்தோ அறியாமலோ உண்மையை மறைக்கும் வழக்கமே ஆகும்.

சிகிச்சையே விளைவிக்கும் துன்பங்களையும் மறைக்கலாகாது. 2005-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, அறுவையினாலேயே நரம்பு ஊறுபட்டவர் நூற்றுக்கு எட்டுப் பேர். கிருமித்தொற்று வந்தவர் நான்கு பேருக்குச் சற்று அதிகம். தசைகளுக்குள் வேண்டாத எலும்பு வளர்ந்தவர் நான்கில் ஒரு பங்கினர், எனினும் அவ்வளர்ச்சி மூட்டின் அசைவையே தடுக்கும் அளவுக்குச் சென்றது அவர்களுள் சிலருக்கே. சயாட்டிக் நரம்பு வலுவிழந்து பாதம் தொங்கிப்போன தொழிலாளிக்கு, அவருடைய இடுப்புக் கிண்ணம் எவ்வளவு அழகாகச் சேர்ந்திருக்கிறது என்ற செய்தி ஆறுதல் தராது. பின்னாளில் மூட்டுத் தேய்ந்து மாற்று மூட்டு பொருத்த நேர்ந்தாலும், பழைய தகடுகளும் தழும்புகளும் நிறைந்த இடத்தில் செய்யும் அவ்வறுவை, சாதாரணத் தேய்வுக்குச் செய்வதைவிடக் கடினமாகவும் குறைந்த ஆயுளுடையதாகவும் அமைகிறது. முதியோரிடமோ, எலும்பு மென்மையுற்றுத் திருகாணி பிடிமானம் இழப்பதால், சிலருக்குத் தகட்டோடு மாற்று மூட்டையும் ஒருங்கே வைப்பதே மேல் என்ற கருத்து வலுத்து வருகிறது. ஆனால் இத்துன்பங்களுள் எவை கத்தியின் பாவம், எவை விபத்தின் பாவம் என்று பிரித்தறிதல் அவசியம். நரம்பு பல சமயம் அறுவைக்கு முன்பே நசுங்கியிருக்கிறது. குருத்தெலும்பு சாலையிலேயே மடிந்துவிடுகிறது. அறுவைக்கு முன் பாதத்தின் அசைவைச் சோதித்துக் குறித்து வைக்காத மருத்துவமனை, பின்னர் எழும் விவகாரத்தில் நோயாளிக்கும் வைத்தியருக்கும் ஒருசேர அநீதி இழைக்கிறது.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஸ்ரீபெரும்புதூர்ப் பிரதேசத்தில் பலனை நிர்ணயிக்கும் காரணங்களுள் இதுவே தலையாயது. இரண்டு கடிகாரங்கள் ஒரே கணத்தில் ஓடத் தொடங்குகின்றன. முதலாவது மணிக்கணக்கில் ஓடுவது: இடம்பெயர்ந்த தொடையெலும்புத் தலையை ஆறு மணி நேர அளவுக்குள் கிண்ணத்துள் திருப்பி வைக்காவிட்டால், அதற்கு ரத்தம் செல்வது தடைப்பட்டுத் தலையே பட்டுப்போகும் ஆபத்து பெருகுகிறது. இரண்டாவது நாட்கணக்கில் ஓடுவது: 2006-இல் இங்கிலாந்தில் 237 நோயாளிகளை ஆராய்ந்தவர்கள், எலும்பைப் பழுதின்றிச் சேர்க்க எளிய வகைகளுக்குப் பதினைந்து நாட்களும், கூட்டு வகைகளுக்கு ஐந்து நாட்களுமே உகந்த காலம் என்று கண்டனர். மூன்று வாரம் கடந்துவிட்டாலோ, புது எலும்பு வளர்ந்து துண்டுகளைத் தவறான இடத்திலேயே பூட்டிவிடுகிறது. தகட்டை அதன்பின்னும் வைக்கலாம், துண்டுகளைத் தம் இடத்தில் சேர்ப்பது மட்டும் எளிதில் கைகூடாது.

ஒரகடத்தில் விழுந்தவருக்கு இக்கடிகாரங்கள் எப்படி ஓடுகின்றன? 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்ஸ் அவரை அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைவில் கொண்டுசேர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இடுப்பு மூட்டைத் திருப்பி வைப்பதற்கு மயக்க மருந்தும், அதைத் தர ஒருவரும், இழுக்கத் தெரிந்த கைகளும் வேண்டும். அவை இரவிலும் கிடைக்கும் இடம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகவோ, நெடுஞ்சாலையோரத்துத் தனியார் மருத்துவக் கல்லூரியாகவோ, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையாகவோ பெரும்பாலும் இருக்கும். முதலிற் கண்ட மருத்துவமனை முதலுதவி செய்து மேலே அனுப்ப, அங்கே இடமில்லை என்றோ, தலைக்காயம்தான் முதலில் என்றோ காலம் கழிய, முதற்கடிகாரம் நின்றுவிடுவதுண்டு.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரம்புக்குட்பட்டு, இலவசமாக அளிக்க வகை செய்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்பவர்கள் நிறைந்த இப்பிரதேசத்துக்கு இது பெரும் வரம்; முதற்கடிகாரத்தைக் காப்பதற்கு இதனினும் சிறந்த ஏற்பாட்டை எளிதில் எண்ண முடியாது. எனினும், கிண்ண அறுவையை வைத்தியர்கள் பெரும்பாலும் முதலிரு நாட்களில் செய்வதில்லை. ரத்தப் பெருக்கு அடங்கி, உடல் நிலைபெற்ற பிறகே கத்தியை எடுக்கிறார்கள். எனவே உயிர் பிழைக்க வைக்கும் 48 மணி நேரம் முடிந்து, மூட்டு பிழைக்க வேண்டிய நாட்கள் தொடங்கும் வேளையில், நோயாளியின் செலவை ஏற்பவர் யார் என்ற கேள்வி புதிதாக முளைக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவருக்கும், தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐயில் பதிவு உள்ளவருக்கும் பாதை உண்டு. கான்ட்ராக்டரின் கீழ் வேலை செய்து, மாதாமாதம் பிடித்தம் சரியாகக் கட்டப்பட்டதா என்றுகூட அறியாதவருக்குக் கடிதங்களும் கையொப்பங்களும் தேடி அலைவதிலேயே இரண்டாவது கடிகாரத்தின் ஐந்து நாட்களும் கரைந்துபோகின்றன.

இந்த இடைவெளியில்தான் புத்தூர்க் கட்டு நுழைகிறது. ஆந்திர எல்லையைத் தாண்டிய புத்தூரில் பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பங்களின் புகழ் வட தமிழகம் முழுவதும் பரவியிருப்பது யாவரும் அறிந்ததே. கை மணிக்கட்டிலும் முன்கையிலும் விலகாத முறிவுகளுக்கு மூங்கிற்பத்தையும் பச்சிலையும் கொண்டு அவர்கள் செய்யும் கட்டு எத்தனையோ ஏழைகளுக்கு உதவியிருக்கிறது. செலவு குறைவு, கத்தி இல்லை, அன்றே வீடு திரும்பலாம் என்பவை மக்கள் மனத்தைக் கவரும் நியாயமான காரணங்களே. ஆனால் வெளியிலிருந்து கட்டும் எக்கட்டும் இடுப்புக் கிண்ணத்தை எட்டாது. அது தசைகளுக்குப் பின்னே ஆழத்தில் இருப்பதால், பிடித்து நேராக்கவும் முடியாது, நேராக்கியதை நிறுத்தவும் முடியாது. மருத்துவமனை தாமதம் செய்ததால் புத்தூருக்குச் சென்று, வலி தீராமல் ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக்கே திரும்பி வருபவரின் விஷயத்தில், அறியாமை என்று அவரை மட்டும் குறைகூறிவிட்டு நழுவுவது எளிது. அவரை அங்கே அனுப்பிய தாமதத்தையும் குற்றப்பத்திரிகையில் சேர்ப்பதே நேர்மை.

எல்லாம் உரிய காலத்தில் நடந்து, எலும்பும் நன்கு சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பலன் நன்று என்று தீர்ப்பளிக்க நாம் எந்த அளவுகோலைக் கையாளுகிறோம்? மேட்டா முதலானோர் திருத்திக் கையாண்ட மெர்ல் தோபின்யே–போஸ்தெல் மதிப்பீடு 1954-இல் அக்ரிலிக் செயற்கை மூட்டு பொருத்தியவர்களை மதிப்பிடுவதற்காக உண்டானது. அது வலி, நடை, மூட்டின் அசைவு ஆகிய மூன்றையே கேட்கிறது. உலகெங்கும் வழங்கும் ஹாரிஸ் மதிப்பீடு 1969-இல் பிறந்தது; அதில் நூறு மதிப்பெண்களுள் வலிக்கு 44, நடக்கும் தூரத்துக்கு 11, காலுறையும் ஷூவும் அணிவதற்கு 4, நாற்காலியில் அமர்வதற்கு 5, பொது வாகனத்தில் ஏறுவதற்கு ஒன்றே ஒன்று என்று வகுக்கப்பட்டிருக்கிறது. தரையில் சப்பணமிட்டு உண்பதற்கும், குந்தி உட்கார்ந்து மலங்கழிப்பதற்கும், அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நிற்பதற்கும், காருக்கடியில் குனிந்து போல்ட்டை முடுக்குவதற்கும், பைக்கை ஸ்டாண்டில் போட ஒற்றைக்காலில் பாரத்தை ஏற்றுவதற்கும் அதில் இடமில்லை. மேலைநாட்டார் தம் வாழ்க்கைக்கேற்பத் தம் அளவுகோலைச் செய்துகொண்டதில் பிழையொன்றும் இல்லை. அதே அளவுகோலால் ஒரகடத்துத் தொழிலாளியை அளந்து, தொண்ணூறு மதிப்பெண் கிடைத்தது என்று மகிழ்வது நம் பிழை. தொண்ணூறு பெற்ற ஒருவர் குந்தி உட்கார முடியாமலும், அதனால் பழைய வேலைக்குத் திரும்ப முடியாமலும் இருப்பது முற்றிலும் சாத்தியமே.

வேலைக்குத் திரும்புதல் என்பது வைத்திய சாஸ்திரத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியன்று. கிண்ண அறுவைக்குப் பின் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை அடிபட்ட காலின்மேல் முழுப் பாரத்தை வைக்கலாகாது. அந்த ஓய்வு குறைந்தால் தகடே தளர்ந்துபோகக்கூடும். மூன்று மாத வருமானம் என்ன ஆகும் என்ற கவலை ஓய்வின் நீளத்தை நிர்ணயிப்பதால், ஊதியமும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகிறது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட வழியில் நேரும் விபத்தும் வேலையோடு தொடர்புடையது என்று நிறுவப்பட்டால், ஈஎஸ்ஐ ஏற்பாடு அதைப் பணிக்காயமாகவே கொள்கிறது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளிக்குக் காயம் ஆறும்வரை ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்க வழியுண்டு. பணிக்காயம் என்று நிறுவத் தவறி, சாதாரண நோய் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டால், 70 விழுக்காடு வீதம் 91 நாட்களோடு உதவி நின்றுவிடும். விபத்து அறிக்கையை நிர்வாகம் உரிய காலத்தில் எழுதி அனுப்புகிறதா இல்லையா என்னும் சிறு காரியம், ஒருவர் ஊன்றுகோலை எந்த வாரத்தில் எறிகிறார் என்பதையும், அதன் வழியாக அவர் மூட்டின் ஆயுளையும் பாதிக்கிறது.

இறுதியாக, நாம் நம்பியிருக்கும் சான்றுகளின் தன்மையையும் சோதிக்க வேண்டும். மேலே எடுத்துக்காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் இத்துறையில் கைதேர்ந்த நிபுணர்கள் தத்தம் பெருநிலையங்களில் தாமே செய்த அறுவைகளின் பதிவுகள். அறுவை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் சமமாகப் பிரித்து ஒப்பிட்ட சோதனைகள் இங்கே அரிது. இடம்பெயர்ந்த மூட்டை அப்படியே விட்டுவிடுவது தர்மமாகாது என்பதால் அரிதாக இருப்பது இயற்கையே. ஆயினும் ஆண்டுக்கு நூறு கிண்ணங்களைத் திறப்பவரின் பலனை, ஆண்டுக்கு நாலைந்து திறப்பவர் தம் பலனாக நோயாளிக்குச் சொல்வது பொருந்தாது. மேலும், பீகாருக்கோ ஜார்க்கண்டுக்கோ ஊர் திரும்பிய தொழிலாளி இரண்டாம் ஆண்டு எக்ஸ்-ரேக்கு வருவதில்லை. வராதவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, வந்தவரை மட்டும் எண்ணினால், நன்றாக இருப்பவரும் வரவில்லை, நொண்டுபவரும் வரவில்லை என்ற நிலையில், மிஞ்சும் விழுக்காடு எதையும் உணர்த்துவதில்லை.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது, மூட்டுப் பரப்பு விலகிய கிண்ண முறிவுக்கு, இளம் வயதினரிடத்தில், பழகிய கைகளால் சில நாட்களுக்குள் செய்யப்படும் தகட்டு அறுவை, கட்டிலில் கிடத்தி வைக்கும் பழைய முறையைவிட ஐயத்துக்கிடமின்றி மேலானது என்பதே என் துணிபு. விலகாத முறிவுக்கும், மூன்று வாரம் கடந்து பூட்டிக்கொண்ட முறிவுக்கும், எலும்பு நொய்ந்துபோன முதுமைக்கும் இதே வார்த்தையைச் சொல்ல முடியாது. அவ்விடங்களில் தகட்டை வைப்பதற்கு முன் வைக்காமலிருப்பதன் நியாயமும் நோயாளிக்கு எடுத்துரைக்கப்பட வேண்டும்.

இச்சிகிச்சைக்கு இப்பிரதேசத்தில் வேண்டியது இன்னும் விலையுயர்ந்த தகடு அன்று. மூட்டைத் திருப்பி வைக்க இரவிலும் ஆளுள்ள ஒரு மருத்துவமனை இப்பகுதிச் சாலைகளை ஒட்டியே அமைதல் வேண்டும். கிண்ண முறிவுகள் யாவும் சிதறிப் போகாமல் பயிற்சி பெருகும் ஓரிரு நிலையங்களுக்கே அனுப்பப்படுதல் வேண்டும். 48 மணி நேரத்துக்கும் அறுவை நாளுக்கும் இடைப்பட்ட செலவை ஏற்பவர் யார் என்பது விபத்துக்கு முன்பே முடிவாகியிருத்தல் வேண்டும். அறுவைக்குப் பின் சிடி ஸ்கேன் எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் விலகல் எஞ்சியது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுப்பதும், ஓராண்டுக்குப் பின் அவரைத் தொலைபேசியிலாவது அழைத்து, குந்த முடிகிறதா, ஷிஃப்ட் முழுவதும் நிற்க முடிகிறதா, பழைய வேலையிலேயே இருக்கிறாரா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிந்து வைப்பதும் பெருஞ்செலவு வேண்டாத காரியங்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை திரண்ட பின்னரே, கிண்ண அறுவை ஒரகடத்தில் வெற்றி பெற்றதா என்று தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கு உண்டாகும். அதுவரை பாரிஸிலும் அமெரிக்காவிலும் பெற்ற வெற்றியை நம்முடையதென்று எழுதிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.